ஃப்ளைட் சிம் மல்டிபிளேயர்ல வாய்ஸ் சாட்: வீட்டுல இருந்தே ஒழுங்கா செட் பண்றது எப்படி

ஃப்ளைட் சிம்ல, அதாவது கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டற கேம்ல, தனியா பறக்கற வரைக்கும் இன்ஜின் சத்தம், காத்து சத்தம் அவ்ளோதான். கூட ரெண்டு பேர் சேந்துட்டா பாதி நேரம் "ஹலோ கேக்குதா, எனக்கு கேக்குது உனக்கு கேக்குதா"லயே போயிடும். உடனே என்ன பண்றாங்க, ஆப்ப மாத்துறாங்க. டிஸ்கார்ட் சரியில்லன்னு டீம்ஸ்பீக், அதுவும் சரியில்லன்னு மம்பிள், அங்கயும் அதே கதைதான், ஏன்னா கோளாறு பெரும்பாலும் ஆப்ல இருக்கறதே இல்ல. மைக், விண்டோஸ் சவுண்ட் செட்டிங், பேசறதுக்கு அமுக்கற பட்டன், இந்த மூணுல ஒண்ணுலதான் இருக்கும். அதனால ஆப் பத்தி கொஞ்சம் தள்ளியே பேசறேன், மொதல்ல இந்த மூணையும் முடிச்சிடுவோம்.

அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். ஃப்ளைட் சிம் வாய்ஸ்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ரூம் வகை, டிஸ்கார்ட், மம்பிள், டீம்ஸ்பீக் எல்லாம் இதுல வரும். உள்ள வந்தவங்க எல்லாருக்கும் எல்லாரும் கேக்கும், நீங்க 500 மைல் தள்ளி பறந்தாலும் பக்கத்துல உக்காந்த மாதிரிதான் இருக்கும். இன்னொண்ணு ரேடியோ வகை, விமானங்களுக்கு வழி சொல்ற கன்ட்ரோலரா ஆட்கள் உக்காந்திருக்கற ஆன்லைன் நெட்வொர்க்குகளான வாட்சிம், ஐவாவோ, டிசிஎஸ்ங்கற போர் விமான சிம் ஆடறவங்களோட எஸ்ஆர்எஸ், ஃப்ளைட்கியர்ங்கற இலவச சிம்மோட எஃப்ஜிகாம் எல்லாம் இது. காக்பிட்ல நீங்க எந்த ஃப்ரீக்வன்சி வெச்சிருக்கீங்களோ அதுல இருக்கறவங்க மட்டும்தான் கேப்பாங்க. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020ல மல்டிபிளேயர் இருக்கு, ஆனா வாய்ஸ் சாட் உள்ளயே வராது, அதனால வெளில இருந்து ஏதாவது ஒண்ணு வெச்சே ஆகணும்.

புதுசா செட் பண்றவங்க ரூம் வகைலயே ஆரம்பிங்க. நேரா ரேடியோவுக்கு போனா சத்தம் வரலன்னா காரணம் மைக்கா, ஃப்ரீக்வன்சியா, ஏவியானிக்ஸ் (விமானத்தோட ரேடியோ மாதிரி எலக்ட்ரானிக் கருவிகள்) ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கா, தூரமா, எதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள கூட பறக்க வந்தவங்க தூங்கப் போயிடுவாங்க.

ஹெட்செட்டும் மைக்கும்

ஸ்பீக்கர்ல கேட்டுட்டு தனி மைக்ல பேசறத மறந்துடுங்க. ஸ்பீக்கர் சத்தம் மைக்ல ஏறி மத்தவங்களுக்கு எக்கோவா போகும், அதுவும் ஜெட் இன்ஜின் ஓடிட்டே இருக்கற கேம்ல. ஹெட்செட் கட்டாயம். விலை அதிகமா இருக்கணும்னு இல்ல, வயர் இருந்தா போதும்.

வயர்னு ஏன் சொல்றேன்னா ப்ளூடூத் ஹெட்செட்ல ஒரு தொந்தரவு இருக்கு. பாட்டு கேக்கறப்போ அது ஸ்டீரியோவுல நல்லா கேக்கும், ஆனா அதோட மைக்க எந்த ஆப் ஆன் பண்ணாலும் ஹெட்செட் போன் பேசற மோடுக்கு தானா மாறிடும், சத்தம் மோனோவாகி, தரம் இறங்கி, டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். டிஸ்கார்ட்ல சேந்த உடனே கேம் சவுண்ட் கெட்டுப்போச்சுன்னு நிறைய பேர் புலம்பறது இதுதான். ஹெட்செட்ல எந்தக் குறையும் இல்ல, அது அப்படித்தான் வேலை செய்யும். ப்ளூடூத்தேதான் வேணும்னா கேக்கறதுக்கு அத வெச்சுக்கிட்டு மைக்குக்கு மட்டும் வயர் மைக் ஒண்ண செலக்ட் பண்ணுங்க, அப்போ மோடு மாறாது.

3.5 மில்லிமீட்டர் ஜாக் ஹெட்செட்டா இருந்தா பின்ன ஒருதடவ பாருங்க. கருப்பு வளையம் மூணு இருந்தா அது போனுக்கான ஜாக், மைக்கும் ஹெட்போனும் ஒரே பின்ல இருக்கும். டெஸ்க்டாப்ல பச்சை, பிங்க்னு ரெண்டு ஓட்டை தனித்தனியா இருந்தா நடுவுல ஒய் ஸ்ப்ளிட்டர் கேபிள் போடணும், இல்லன்னா கேக்கும், ஆனா மைக் செத்துப்போன மாதிரியே கிடக்கும்.

மைக்க வாய்க்கு நேரா வைக்காதீங்க. உதட்டு ஓரத்துல, ரெண்டு விரல் தள்ளி, கொஞ்சம் கீழ. அப்புறம் "பத்துப் பம்பரம் பறக்குது"ன்னு சொல்லி ரெக்கார்ட் பண்ணி கேட்டுப் பாருங்க, ஒவ்வொரு ப-வுக்கும் டப் டப்னு காத்து அடிச்சா இன்னும் ஓரமா தள்ளுங்க. மூச்சு சத்தம் கேட்டாலும் அதேதான்.

விண்டோஸ்ல பாக்க வேண்டியது

இங்கதான் கொஞ்சம் பொறுமை வேணும். மொதல்ல ப்ரைவசி செட்டிங்ல மைக்ரோஃபோன் பகுதிக்கு போய் டெஸ்க்டாப் ஆப்களுக்கு மைக் அனுமதி ஆன்ல இருக்கான்னு பாருங்க. இது ஆஃப்ல இருந்தா எந்த ஆப்லயும் மைக் வராது, ஆனா எர்ரர் எதுவும் காட்டாது, சும்மா அமைதியா இருக்கும்.

அடுத்து பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனல திறந்து ரெக்கார்டிங் டேப் போங்க. அங்க டீஃபால்ட் டிவைஸ்னு ஒண்ணு, டீஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்னு ஒண்ணு, ரெண்டு தனித்தனி. நிறைய பேருக்கு ஒண்ணு ஹெட்செட்லயும் இன்னொண்ணு வெப்கேம் மைக்லயும் நிக்கும், அதனாலதான் ஒரு ஆப்ல குரல் நல்லா வருது இன்னொரு ஆப்ல கிணத்துக்குள்ள இருந்து வருது. ரெண்டையும் ஹெட்செட்டுக்கே மாத்துங்க. அதவிட நல்லது, எந்த ஆப்பா இருந்தாலும் அதோட செட்டிங்ல "டீஃபால்ட்"னு விடாம ஹெட்செட் பேர நேரா செலக்ட் பண்ணி வெச்சுடறது. விஆர் கண்ணாடி மாட்டறவங்களுக்கு இது ரொம்பவே முக்கியம், கண்ணாடிய ஆன் பண்ண உடனே டீஃபால்ட் அதுக்கு ஓடிடும்.

அதே பேனல்ல கம்யூனிகேஷன்ஸ்னு ஒரு டேப் இருக்கும். அதுல "மத்த சத்தத்த 80 சதவீதம் குறை"ன்னு விண்டோஸே டிக் போட்டு வெச்சிருக்கும். நீங்க வாய்ஸ்ல சேந்ததும் இன்ஜின் சத்தம் திடீர்னு அமுங்கிப் போகுதுன்னா அது இதனாலதான். "எதுவும் செய்யாதே"ங்கறத செலக்ட் பண்ணி ஓகே குடுங்க. டிஸ்கார்ட்லயும் அட்டென்யுவேஷன்னு இதே மாதிரி தனியா ஒண்ணு இருக்கு, அதையும் சைபர்ல வைங்க.

மைக் லெவல்ல ஒரே விதி, கத்தி பேசினாலும் மீட்டர் உச்சியில போய் முட்டக்கூடாது. லெவல் 100ல வெச்சு அதுக்கு மேல பூஸ்ட் 20, 30 டெசிபல்னு ஏத்தி வெச்சா குரலோட ஃபேன் சத்தம், கீபோர்ட் சத்தம், ஜாய்ஸ்டிக் க்ளிக் எல்லாம் சேந்து வரும். மொதல்ல மைக்க கிட்ட கொண்டு வாங்க, பத்தலன்னா மட்டும் பூஸ்ட்.

நாய்ஸ் சப்ரஷன பத்தி ஒரு வார்த்தை. ஹெட்செட் சாஃப்ட்வேர்ல ஒண்ணு, விண்டோஸ் என்ஹான்ஸ்மென்ட்ல ஒண்ணு, டிஸ்கார்ட்ல க்ரிஸ்ப் ஒண்ணுன்னு மூணும் ஒரே நேரத்துல ஓடினா உங்க குரல் தண்ணிக்குள்ள முங்கி முங்கி வரும். ஏதாவது ஒண்ணு மட்டும் ஆன்ல இருக்கட்டும், மத்தத ஆஃப் பண்ணிடுங்க.

இன்னொண்ணு, இது கட்டாயம் இல்ல ஆனா பண்ணிப் பாத்தா விடமாட்டீங்க. விண்டோஸ் வால்யூம் மிக்ஸர்ல ஒவ்வொரு ஆப்புக்கும் எந்த டிவைஸ்ல சத்தம் வரணும்னு தனியா சொல்லலாம். சிம் சத்தத்த ஸ்பீக்கருக்கும் வாய்ஸ மட்டும் ஹெட்செட்டுக்கும் அனுப்பிட்டா நெசமான காக்பிட்ல உக்காந்த மாதிரியே இருக்கும், இன்ஜின் ரூம் முழுக்க ஓடும், ரேடியோ காதுக்குள்ள வரும். ஸ்பீக்கர் வேணாம்னு மேல சொன்னேனேன்னு கேப்பீங்க. அது வாய்ஸ ஸ்பீக்கர்ல விடறதுக்கு சொன்னது. சிம் சத்தம் மட்டும்னா வால்யூம் அளவா வெச்சு, பிடிடி (அமுக்கினா மட்டும் மைக் திறக்கற பட்டன், அடுத்து வருது) போட்டா சமாளிக்கலாம்.

பிடிடி பட்டன், இதுல விட்டுக்கொடுக்காதீங்க

பிடிடின்னா புஷ் டு டாக், அமுக்கினா மட்டும் மைக் திறக்கும். வாய்ஸ் ஆக்டிவிட்டின்னு இன்னொரு ஆப்ஷன் இருக்கு, சத்தம் வந்தா மைக் தானா திறக்கறது. அத ஃப்ளைட் சிம்முக்கு வெக்காதீங்க. நீங்க த்ராட்டில் தள்ளற சத்தம், நாற்காலி கிறீச், பக்கத்து ரூம் டிவி எல்லாம் ஃபைனல் அப்ரோச்ல, அதாவது ரன்வேல இறங்கப் போற கடைசி கட்டத்துல இருக்கறவன் காதுல போய் விழும்.

எந்த பட்டன்? கீபோர்ட்ல சும்மா ஒரு எழுத்த வெச்சா அந்த எழுத்துக்கு சிம்ல ஏற்கனவே ஒரு வேலை இருக்கும். ஜி-ய வெச்சீங்கன்னா நீங்க பேச வாய திறக்கறப்போ எல்லாம் வீல் உள்ள போகும், வெளில வரும். ஜாய்ஸ்டிக்லயோ யோக்லயோ (விமானத்தோட ஸ்டியரிங்) ஆள்காட்டி விரலுக்கு கிட்ட இருக்கற பட்டன்தான் சரி, நெசமான விமானங்கள்லயும் யோக்கோட கொம்புலதான் இருக்கும். சிம்ல அந்த பட்டனுக்கு வேற வேலை குடுத்திருந்தா மறக்காம எடுத்துடுங்க, சில ஜாய்ஸ்டிக்ல ட்ரிக்கருக்கு பிரேக்னு டீஃபால்ட்டாவே இருக்கும். ஆப்புக்கு ஜாய்ஸ்டிக் பட்டன் புரியலன்னா ஜாய்டுகீ மாதிரி ஒண்ண வெச்சு அந்த பட்டன கீபோர்ட்ல யாரும் தொடாத ஒரு கீயா மாத்திக்கலாம், எஃப்13ல இருந்து எஃப்24 வரைக்கும் கீகள் விண்டோஸுக்கு தெரியும், ஆனா சாதாரண கீபோர்ட்ல கிடையாது, அதனால எதோடயும் மோதாது.

பிடிடி டெஸ்க்டாப்ல வேலை செய்யுது, சிம்முக்குள்ள போனா வேலை செய்யல, இது அடிக்கடி வர்ற கேள்வி. சிம்ம அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டினா டிஸ்கார்டையும் அட்மினிஸ்ட்ரேட்டராத்தான் ஓட்டணும், இல்லன்னா நீங்க அமுக்கறது அதுக்கு தெரியாது. ரெண்டையும் சாதாரணமா ஓட்டினா இன்னும் நல்லது. டிஸ்கார்ட ப்ரவுசர்ல திறந்து வெச்சிருந்தீங்கன்னா அந்த டேப் முன்னாடி இருந்தாத்தான் பிடிடி எடுக்கும், ஆப்ப இன்ஸ்டால் பண்ணிடுங்க.

அப்புறம் ரிலீஸ் டிலே. டிஸ்கார்ட்ல இது 20 மில்லிசெகண்ட்ல இருக்கும், 200 கிட்ட ஏத்துங்க, வாக்கியத்தோட கடைசி எழுத்து வெட்டுப்படாது. மொத எழுத்து வெட்டுப்படறதுக்கு செட்டிங் கிடையாது. அமுக்கி, ஒரு அரை நொடி விட்டு, பேசணும். பழக்கம்தான்.

ஆப் பக்கம் வருவோம்

டிஸ்கார்ட்ல பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு சர்வர் போட்டு ரெண்டு வாய்ஸ் சேனல் வைங்க, பறக்கறதுக்கு ஒண்ணு, அரட்டைக்கு ஒண்ணு. வாய்ஸ் செட்டிங்ல மைக் டெஸ்ட் இருக்கு, உங்க குரல நீங்களே கேட்டு சரி பண்ணுங்க, மத்தவன உக்கார வெச்சு "இப்போ? இப்போ?"ன்னு கேக்காதீங்க.

மம்பிள் பாக்க பழசா இருக்கும், ஆனா இலவசம், ஓப்பன் சோர்ஸ், தாமதம் ரொம்ப கம்மி, பழைய கம்ப்யூட்டர்லயும் சிம்முக்கு இடைஞ்சல் இல்லாம ஓடும். மொத தடவ திறக்கறப்போ ஆடியோ விசார்ட் வரும், அத ஸ்கிப் பண்ணாம முழுசா முடிங்க. சர்வர வீட்டுலயே வெக்கணும்னா ரௌட்டர்ல 64738 போர்ட்ட டிசிபி, யுடிபி ரெண்டுக்கும் திறந்து விடணும். ஒண்ண மட்டும் திறந்தாலும் கனெக்ட் ஆகலாம், ஆனா யுடிபி இல்லாதப்போ குரலும் டிசிபி வழியாவே போய் திக்கித் திக்கி வரும். போர்ட் திறந்தும் வெளில இருந்து யாராலயும் வர முடியலன்னா உங்க இன்டர்நெட் கம்பெனி உங்களுக்குன்னு தனி ஐபி தராம பல வீட்டுக்கு ஒரே ஐபிய பங்கு போட்டிருக்கலாம். ரௌட்டர்ல காட்டற ஐபியும் வெளில "என் ஐபி என்ன"ன்னு தேடினா வர்ற ஐபியும் வேற வேறயா இருந்தா அதுதான். அப்போ ரௌட்டரோட மல்லுக்கட்டி புண்ணியம் இல்ல, டெயில்ஸ்கேல், ஜீரோடியர் மாதிரி ஒண்ண எல்லாரும் போட்டுக்கிட்டா ஒரே வீட்டு நெட்வொர்க்ல இருக்கற மாதிரி சேந்துக்கலாம்.

இப்போ ரேடியோ. வாட்சிம் 2001ல இருந்து ஓடுது, கன்ட்ரோலரா உக்காந்திருக்கறவங்களும் நம்மள மாதிரி பொழுதுபோக்குக்கு வர்றவங்கதான், பணம் கிடையாது. ரெஜிஸ்டர் பண்ணி, புதுசா வர்றவங்களுக்கான சின்ன டெஸ்ட் ஒண்ண முடிச்சாத்தான் பறக்க விடுவாங்க. மைக்ரோசாஃப்ட் சிம்முக்கு விபைலட், எக்ஸ்-பிளேனுக்கு எக்ஸ்பைலட் போடுங்க. ரெண்டுலயும் மைக் மீட்டர் இருக்கு, சாதாரணமா பேசறப்போ பச்சையில நிக்கற மாதிரி வைங்க. 2019ல புது வாய்ஸ் சிஸ்டம் வந்ததுல இருந்து குரல் நெசமான ரேடியோ மாதிரியே நடந்துக்குது, காக்பிட்ல காம் 1 (பேசற ரேடியோல மொத ஒண்ணு) எந்த ஃப்ரீக்வன்சில இருக்கோ அங்கதான் போகும், ஏவியானிக்ஸ் ஆஃப்ல இருந்தா ரேடியோவும் ஆஃப். ஆடியோ பேனல்ல காம் 1ல பேசறதும் கேக்கறதும் ரெண்டும் ஆன்ல இருக்கான்னு பாருங்க, சும்மா கிளிக் பண்ணி காம் 2வுக்கு மாத்தி வெச்சுட்டு கன்ட்ரோலர் பதில் சொல்லலன்னு கோச்சுக்கறது நடக்கும். மைக் இன்னும் தயாரில்லன்னா ஃப்ளைட் ப்ளான்ல ரிமார்க்ஸ்ல டி எழுத்து குறியீட்ட போட்டு டெக்ஸ்ட்லயே பறக்கலாம், ஆர் போட்டா கேக்க மட்டும் முடியும்னு அர்த்தம், வி-ன்னா முழு வாய்ஸ். மொத கொஞ்ச நாள் ஆர்ல பறந்து காது பழகிக்கறதுல ஒரு கேவலமும் இல்ல.

தூரமும் உயரமும் இங்க கணக்கு. விஎச்எஃப் ரேடியோ நேர்கோட்டுல போறது, பூமியோட வளைவு மறைச்சா போகாது. அடி கணக்குல உயரத்தோட வர்க்கமூலத்த எடுத்து 1.23 ஆல பெருக்கினா தோராயமா எத்தன நாட்டிக்கல் மைல்னு வந்துடும். 10,000 அடில இருந்தா 123, 2,500 அடில இருந்தா 61 கிட்டத்தட்ட. தரைல நின்னுட்டு ரொம்ப தள்ளி இருக்கற சென்டர (பெரிய பகுதிய பாத்துக்கற கன்ட்ரோலர்) கூப்பிட்டா ஒண்ணும் கேக்காது, மைக்க குறை சொல்லாதீங்க.

டிசிஎஸ் ஆடறவங்களுக்கு எஸ்ஆர்எஸ். சர்வரோட ஐபியும் டீஃபால்ட் போர்ட் 5002வும் குடுத்து கனெக்ட் பண்ணணும், கேம் சர்வர்ல சேர்றது தனி, எஸ்ஆர்எஸ் சர்வர்ல சேர்றது தனி. எல்லாம் பச்சை, ஃப்ரீக்வன்சியும் ஒண்ணேதான், ஆனா ஒருத்தன் குரல் மட்டும் கேக்கலன்னா ஏஎம், எஃப்எம் பாருங்க. ஒருத்தர் 250 ஏஎம்லயும் இன்னொருத்தர் 250 எஃப்எம்லயும் இருந்தா எண்ணு ஒண்ணா இருந்தும் ஒருத்தருக்கொருத்தர் கேக்காது.

ஃப்ளைட்கியர்காரங்களுக்கு எஃப்ஜிகாம் மம்பிள் ப்ளகின் நல்லா இருக்கு. மம்பிள் 1.4 அல்லது அதுக்கு மேல வேணும். ப்ளகின மம்பிள்ல போட்டு, ஃப்ளைட்கியர் லாஞ்சர்ல ஆட்-ஆன சேத்து, எஃப்ஜிகாம்-மம்பிள்னு பேர் ஆரம்பிக்கற சேனலுக்குள்ள போனா அங்க ரேடியோ ஆன் ஆயிடும். பேசறதுக்கு ஸ்பேஸ் பார்.

பேசற முறை

ரூம் வகைல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா ரெண்டுமே கேக்கும். ரேடியோல கேக்காது, கீ...ன்னு ஒரு சத்தம்தான் வரும், ரெண்டு பேரோட செய்தியும் போச்சு. அதனால புது ஃப்ரீக்வன்சிக்கு போன உடனே பட்டன அமுக்காதீங்க, ரெண்டு மூணு நொடி சும்மா கேளுங்க, யாராவது கேள்வி கேட்டிருந்தா பதில் வர வரைக்கும் விடுங்க. யார கூப்பிடறீங்க, நீங்க யாரு, எங்க இருக்கீங்க, என்ன வேணும், இந்த வரிசைல சொல்லிட்டு கைய எடுங்க. கன்ட்ரோலர் சொன்ன உயரம், ரன்வே, ஃப்ரீக்வன்சி எல்லாத்தையும் திருப்பி சொல்லணும். புரியலன்னா "சே அகெய்ன்"னு கேளுங்க, ரோஜர்னு குத்துமதிப்பா சொல்லிட்டு தப்பான ரன்வேல இறங்காதீங்க.

நண்பர்களோட டிஸ்கார்ட்ல பறந்துட்டே வாட்சிம்லயும் இருந்தா ரெண்டுக்கும் ஒரே பட்டன் வெக்காதீங்க. "டேய் அந்தாளு என்னடா இவ்ளோ ஸ்பீடா பேசறாரு"ங்கறது நேரா அந்தாளு காதுக்கே போகும்.

சத்தம் சரியில்லன்னா

உங்க குரல் உங்களுக்கே எக்கோவா திரும்பி வருதுன்னா கோளாறு உங்க கிட்ட இல்ல, வேற யாரோ ஸ்பீக்கர்ல கேட்டுட்டு மைக்க திறந்து வெச்சிருக்காங்க. ஒவ்வொருத்தரா மியூட் பண்ணச் சொல்லுங்க, யார் மியூட் பண்ணதும் எக்கோ நிக்குதோ அவர்தான். எக்கோவே இல்லாம உங்க குரல் உங்க காதுல உடனே கேட்டா மட்டும் மைக் ப்ராபர்ட்டீஸ்ல "லிசன்" டிக் போட்டிருக்கான்னு பாருங்க.

குரல் ரோபோ மாதிரி வெட்டி வெட்டி வந்தா நெட். வாய்ஸுக்கு வேகம் ரொம்பவே கம்மியாத்தான் தேவைப்படும், டிஸ்கார்ட் சேனல் சாதாரணமா 64 கேபிபிஎஸ்தான். சிக்கல் என்னன்னா சிம் அதே நேரத்துல மேப்ப இறக்கிட்டே இருக்கும், வைஃபையும் வீக்கா இருந்தா வாய்ஸ் பாக்கெட் வரிசைல நின்னு லேட்டாகும். கேபிள் போட்டா பாதி தீந்துடும், முடியாதுன்னா மேப் டேட்டா வேகத்துக்கு சிம்லயே ஒரு அளவு வைங்க.

ஒரே வீட்டுல ரெண்டு பேர் ரெண்டு கம்ப்யூட்டர்ல பறந்தா ரூம தனித்தனி ஆக்கிக்கோங்க. ஒரே ரூம்னா ஒருத்தர் பேசறது காத்து வழியா நேராவும் வருது, நெட் சுத்தி கொஞ்சம் லேட்டா ஹெட்செட்லயும் வருது, ரெண்டு நிமிஷத்துல தலைவலி. வேற வழி இல்லன்னா டிஸ்கார்ட்ல ஒருத்தரோட வால்யூம இன்னொருத்தர் தன்னோட பக்கம் மட்டும் சைபராக்கிடலாம், மத்தவங்களுக்கு மாறாது. பக்கத்துல இருக்கறவருக்கு வாய்லயே சொல்லிக்கலாம், ஆனா அவர் பட்டன் அமுக்கியிருக்கறப்போ நீங்க பேசினா அவர் மைக்ல ஏறும், அதப் பாத்துக்கோங்க.

நேத்து வரைக்கும் எல்லாம் ஓடிட்டு இன்னிக்கு திடீர்னு மைக் இல்லன்னு வந்தா, யுஎஸ்பி ஹெட்செட்ட வேற ஓட்டைல மாத்தி சொருகினீங்களான்னு யோசிங்க. விண்டோஸ் அத புது டிவைஸா எடுத்துக்கும், பேர் பக்கத்துல 2ன்னு ஒரு எண்ணு வேற சேரும், ஆப் எல்லாம் இன்னும் பழைய பேரையே தேடிட்டு இருக்கும். பழைய ஓட்டைக்கே மாத்துங்க, இல்லன்னா ஒவ்வொரு ஆப்லயும் போய் புதுப் பேர செலக்ட் பண்ணுங்க.